ஊர் வீட்டுக் கேமரா மும்பையில் தெரியவில்லையா?

தாராவியில் குடியிருந்து, கோட்டைப் பகுதி அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக வேலை பார்க்கும் நெல்லைச் சீமை நண்பர் ஒருவர் உண்டு. மாலையில் சயான் செல்லும் ரயிலில் நெரிசலுக்கு நடுவே கைபேசியை எடுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். நாங்குநேரிப் பக்கத்திலுள்ள ஊர் வீட்டு வாசல் அதில் தெரியும். திண்ணையில் தாயார் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். அதைப் பார்த்தால்தான் நண்பருக்கு அன்றைய பொழுது முடிந்ததாகக் கணக்கு.

ஒரு நாள் திண்ணை தெரியவில்லை. கறுப்புத் திரையில், சாதனம் இணைப்பில் இல்லை என்ற வாசகம் மட்டும் வந்தது. போன் செய்தார், மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. திருடனா, மயக்கமா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. ஊரில் நாலு பேருக்குப் போன் போட்டார். அரை மணி கழித்துத் தாயாரே கூப்பிட்டார்.

"ஏய்யா, கோயிலுக்குல்லா போயிருந்தேன். போனை வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டேன். அதுக்காவ ஊரையே கூட்டிட்டியே!"

தாயாருக்கு ஒன்றுமில்லை. ஆனால் படம் மட்டும் பத்து நாளாகியும் வரவில்லை. நம்மவர் பலருக்கும் நேரும் தொல்லை இது என்பதால், அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் இங்கே காண்போம்.

பதிவு நிற்பதில்லை

முதலில் ஓர் ஆறுதல். கைபேசியில் படம் வரவில்லை என்பதால் பதிவும் நின்றுவிட்டது என்று பொருளல்ல. கேமராக்கள் அனுப்பும் படம் வீட்டிலுள்ள டி.வி.ஆர். பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகிறது. அதற்கு மின்சாரம் போதும், இணையம் தேவையில்லை. ஊர் வீட்டு டி.வி.யில் படம் தெரிந்தால் கேமராவும் டி.வி.ஆரும் நலம், கோளாறு இணைய வழியில்தான் என்று முடிவு செய்யலாம். டி.வி.யிலேயே தெரியாவிட்டால் வயரையும் அடாப்டரையும் பார்க்க வேண்டும்.

நண்பர் வீட்டு டி.வி.யில் படம் தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் இடையில் நடந்தது என்ன?

மாறியது ரூட்டர்

படம் நின்ற அன்று காலையில்தான், தொலைபேசிக் கம்பி வழியாக வந்த பழைய இணைப்பை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்பு மாட்டியிருந்தார்கள். மாதக் கட்டணம் குறைவு என்று ஏற்பாடு செய்தவர் நண்பரேதான். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரூட்டர் ஓர் எண் கொடுக்கிறது. பழைய ரூட்டர் 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்து வந்தது. கேமரா மாட்டியவர் டி.வி.ஆருக்கு அதில் ஒரு எண்ணைக் கையால் எழுதி நிலையாக வைத்துவிட்டார். புதிய ரூட்டரின் எண்களோ 192.168.0 என்று தொடங்குபவை. வாசலை இடம் மாற்றிக் கட்டிய வீட்டில், பழைய வாசல் இருந்த சுவரிலேயே முட்டிக்கொண்டு நின்றதாம் டி.வி.ஆர்.!

இது தெரியாத டவுன் மெக்கானிக் ஒருவர், ரூட்டரில் 'போர்ட்' திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று காசு வாங்கிப் போனார். சரியாகவில்லை. அதற்கும் காரணம் உண்டு.

ஒரே முகவரியில் பல வீடுகள்

பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஆகவே இணைப்பு தரும் நிறுவனங்கள் பலவும் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. நூறு குடித்தனம் உள்ள சாலுக்குக் கடிதம் வருகிறது. உறையில் அறை எண் இல்லை என்றால் தபால்காரர் யாரிடம் கொடுப்பார்? வெளியிலிருந்து வரும் அழைப்பின் கதியும் அதுதான். உங்கள் வீட்டு ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அழைப்பு அதுவரை வந்து சேராது.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரி, அதாவது 'வான் ஐ.பி.', என்னவென்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலோ, 10 என்றோ தொடங்கினால் உங்களுடையது பகிர்வு முகவரி.

இதற்குப் பரிகாரம் 'பி2பி' என்ற வசதி. இதில் வெளியார் டி.வி.ஆரைத் தேடி வருவதில்லை, டி.வி.ஆரே வெளியே சென்று, தயாரிப்பு நிறுவனத்தின் கணினியில் தன் வரிசை எண்ணைச் சொல்லிக் காத்திருக்கும். உங்கள் கைபேசியும் அங்கே வந்து கைகோத்துக்கொள்ளும். போர்ட் எதுவும் திறக்க வேண்டாம்.

பையன் செய்த வேலை

பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ மாணவனை டி.வி. முன் உட்கார வைத்து, போனிலேயே நண்பர் சொல்லச் சொல்ல, பையன் செய்தது இதுதான். டி.வி.ஆரின் 'நெட்வொர்க்' பகுதியில் 'டி.எச்.சி.பி.' என்பதை இயக்கினான். புதிய எண்ணும் வாசலும் தாமாக வந்தன. 'டி.என்.எஸ்.' இடத்தில் 8.8.8.8 என்று எழுதினான். தேதியும் நேரமும் சரிதானா என்று பார்த்தான். தேதி பின்தங்கியிருந்தால் சில பெட்டிகள் இணைய மறுக்கும். கடைசியாக பி2பி பகுதியைத் திறந்தான். 'ஆன்லைன்' என்று வந்தது. மெக்கானிக் திறந்த போர்ட்களையும் மூடச் சொன்னார் நண்பர்.

படம் விட்டுவிட்டு வந்தால் செயலியில் 'சப் ஸ்ட்ரீம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் துல்லியம் குறையும். ஆனால் தடையின்றி ஓடும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரானால் ரூட்டருக்கும் டி.வி.ஆருக்கும் சிறு யு.பி.எஸ். அவசியம்.

பூட்டும் சாவியும்

அவசரத்தில் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டு 'மிராய்' என்ற நாசகார நிரல், தொழிற்சாலை வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அவற்றை ஏவி நடத்திய தாக்குதலில், அக்டோபர் 21 அன்று ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. திருடனைப் பிடிக்க வைத்த கருவியே திருடனுக்குக் கைக்கூலி ஆயிற்று. ஆகவே, பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்.

அடுத்து, டி.வி.ஆர். யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று விசாரியுங்கள். மாட்டிய ஆள் தன் கைபேசியிலேயே பதிந்து வைத்திருந்தால் உங்கள் வாசலை அவரும் பார்க்கலாம். உங்கள் கணக்கில் சேர்க்க முயன்றாலும் சேராது. அவரை நீக்கச் சொல்லி, உங்கள் பெயரில் பதிந்துகொள்ளுங்கள். உதவி எண் என்று இணையத்தில் கிடைத்த எண்ணுக்குப் பேசி ஓ.டி.பி. சொல்லாதீர்கள், கைபேசியை அவர்கள் வசம் விடும் செயலியையும் ஏற்றாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யலாம்.

இப்போது நண்பரின் ரயிலில் மறுபடியும் திண்ணை தெரிகிறது. ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம்தான் சிறந்தது. பக்கத்து வீட்டார் இருவரின் போன் எண்ணைத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறார். வாசலில் யார் நிற்கிறார் என்பதைக் கேமரா காட்டும், கதவைத் தட்டி, "ஆச்சி, நல்லா இருக்கியளா?" என்று கேட்க மனிதர்தான் வேண்டும்.