இரண்டாவது வன்தட்டில் விண்டோஸ் 98

இன்று கைத்தொலைபேசியில் தமிழில் எழுதி அனுப்பினால், பெறுபவர் எந்த நாட்டில் இருந்தாலும் அது தமிழாகவே தெரிகிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நிலைமை அப்படி இல்லை. அன்று தட்டச்சு செய்த ஆண்டு மலர்கள், நாடகப் பிரதிகள், பட்டிமன்ற உரைகள் பலவற்றை இன்று திறந்தால் புரியாத குறிகளே வருகின்றன. அவற்றை மீட்க நான் கையாளும் வழி, பழைய கணினி ஒன்றில் இரண்டாவது வன்தட்டு பொருத்தி, அதில் விண்டோஸ் 98 இயங்குதளத்தை நிறுவுவது. அதன் காரணத்தையும் முறையையும் இங்கே விளக்குகிறேன்.

தமிழ் ஏன் குறிகளாகிறது?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அக்கால எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன. சில எழுத்துருக்கள் முதல் 128 இடங்களை ஆங்கிலத்திற்கு விட்டு, மீதியில் தமிழை அடுக்கின. வேறு சில, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை அமர்த்தின. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி முடிவு செய்தனர்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நடந்த முயற்சியில் சிங்கப்பூருக்குப் பெரும் பங்குண்டு. கணியன் மென்பொருளைத் தந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். தமிழ் இணையத்திற்கான முதல் அனைத்துலகக் கருத்தரங்கு 1997 மே மாதம் இங்குதான் நடந்தது. 1999இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்னும் குறியீடுகள் தமிழ்நாட்டு அரசின் தரமாயின. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் அமைப்பு உருவானது.

யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸில் அந்த வசதி 2000ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பில்தான், லதா எழுத்துருவுடன் வந்தது. ஆகவே விண்டோஸ் 98 காலத்துக் கோப்பு என்றால், அது ஏதோ ஒரு பழைய குறியீட்டில் இருக்கும் என்று கொள்ளலாம்.

எழுத்துரு மட்டும் போதாதா?

எளிய கோப்பு என்றால் போதும். பழைய எழுத்துருவை இன்றைய கணினியில் நிறுவினாலே தமிழ் தெரிந்துவிடும். பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்த இதழ் என்றால் சிக்கல். அந்த மென்பொருள் வேண்டும். அதனுடன் வந்த விசைப்பலகை நிரலும் வேண்டும். சில அச்சு மென்பொருள்களுக்கு, அச்சுப்பொறியைச் செருகும் இடத்தில் ஒரு பூட்டையும் மாட்டவேண்டும். இன்றைய 64 பிட் விண்டோஸில் அந்நாளைய 16 பிட் நிரல்கள் இயங்கமாட்டா. கணினிக்குள் கணினியாக இயங்கும் மெய்நிகர்க் கணினி பல வேளைகளில் உதவும். பூட்டும் நெகிழ்தட்டும் குறுக்கிட்டால் உண்மையான பழைய கணினியே சுலபம்.

ஏன் தனி வன்தட்டு?

வன்தட்டின் தொடக்கப் பகுதியில், கணினி எப்படி எழவேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. பழைய இயங்குதளத்தைப் பின்னால் நிறுவினால், அது இந்தக் குறிப்பைத் தன் முறைப்படி மாற்றி எழுதிவிடும். பிறகு எக்ஸ்பி எழாது. தனி வன்தட்டில் நிறுவினால் ஒன்று மற்றதைத் தொடாது.

நிறுவும் முறை

முதலில், 2000 முதல் 2004 வரை வந்த, பயாஸும் ஐடிஇ இணைப்பும் உள்ள கணினி ஒன்றைத் தேடுங்கள். நினைவகம் 512 மெகாபைட்டுக்கு மேல் இருந்தால் விண்டோஸ் 98 தடுமாறும். கூடுதலாக இருப்பதைக் கழற்றிவிடுங்கள். உதிரிப் பாகங்களுக்கு முன்பு தேக்காவிலிருந்து நடந்தே சுங்கை ரோடு சந்தைக்குப் போகலாம். அது 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். உறவினர் வீட்டுப் பொருளறைகளையும் விட்டுவிடாதீர்கள்.

வன்தட்டு 40 ஜிகாபைட் இருந்தால் தாராளம். 64 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டின் அளவைப் பழைய எஃப்டிஸ்க் நிரல் தவறாகக் காட்டும். 137ஐத் தாண்டினால் தகவலே சிதையும் அபாயம் உண்டு.

அடுத்து, கணினியின் மின்சாரத்தை நிறுத்தி முதல் வன்தட்டின் இரு இணைப்புகளையும் கழற்றுங்கள். இதுதான் மிக முக்கியமான படி. புதிய தட்டை மட்டும் பொருத்தி, அதன் பின்புறமுள்ள சிறு ஜம்பரை மாஸ்டர் நிலையில் வையுங்கள்.

விண்டோஸ் 98 தொடக்க நெகிழ்தட்டால் கணினியை எழுப்புங்கள். எஃப்டிஸ்க் நிரலில் பெரிய தட்டுக்கான வசதி வேண்டுமா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லி, ஒரு முதன்மைப் பகுதியை உருவாக்குங்கள். கணினியை மறுபடி எழுப்பி, அப்பகுதியை ஃபார்மட் செய்யுங்கள். பின்னர் குறுந்தட்டிலுள்ள வின்98 கோப்புறை முழுவதையும் வன்தட்டுக்குப் படியெடுத்து, அங்கிருந்தே நிறுவலைத் தொடங்குங்கள். நிறுவலின் நடுவில் குறுந்தட்டு தெரியாமல் போனாலும் வேலை நிற்காது.

முடிந்ததும் திரை, ஒலி ஆகியவற்றுக்கான இயக்கிகளையும், பிறகு எழுத்துருக்களையும் தமிழ் மென்பொருளையும் நிறுவுங்கள். கடைசியாக, ஜம்பர் நிலைகளைச் சரிபார்த்து முதல் வன்தட்டை மீண்டும் இணையுங்கள். எது எழவேண்டும் என்பதை பயாஸில் தேர்ந்தெடுக்கலாம். எக்ஸ்பியின் என்டிஎஃப்எஸ் தட்டு விண்டோஸ் 98க்குத் தெரியாது. விண்டோஸ் 98இன் ஃபேட் 32 தட்டை எக்ஸ்பி படிக்கும். எனவே மீட்ட கோப்புகளை எக்ஸ்பி வழியாக வெளியே எடுக்கலாம். விண்டோஸ் 98க்கான பாதுகாப்பு ஆதரவு 2006 ஜூலையிலும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் நின்றுவிட்டது. ஆகவே இக்கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள்.

மாற்றமும் மனிதக் கண்ணும்

கோப்பு திறந்ததும் முதலில் ஒரு படியை அச்செடுங்கள். பிறகு என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒரு நிரலால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இதைக் கணினி மட்டும் செய்துவிட முடியாது. பழைய குறியீட்டில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, க, கால் என மூன்று எண்கள். யூனிகோடில் க முதலில் வரும். ஒகரக் குறி அடுத்து வரும். இந்த இடமாற்றத்தை நிரல் செய்துவிடும்.

ஒளகாரம்தான் கடினம். பல பழைய எழுத்துருக்களில் ஒளகாரக் குறியின் பின்பகுதிக்கும் ‘ள’ எழுத்துக்கும் ஒரே எண். ‘கௌரவம்’, ‘வெள்ளம்’ இரண்டிலும் நிரல் காண்பது கொம்பு, ஒரு மெய், ஒரு ‘ள’. எது எது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் மாற்றப்பட்ட பழைய கட்டுரைகளில் வெள்ளிக்கிழமை உருக்குலைந்து நிற்பதைப் பார்க்கிறோம். அச்சுப் படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் அறிந்தவர் ஒருவர் வரிவரியாகப் படித்தே ஆகவேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350 மின்வடிவம் பெற்று 2015இல் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அச்சான நூல் என்பதால் அவற்றை வருடியெடுக்க முடிந்தது. அச்சேறாத நாடகப் பிரதிக்கோ மாணவர் எழுதிய முதல் கவிதைக்கோ அந்த வழி இல்லை. அவற்றுக்கு இருப்பது ஒரே ஒரு படி. அதுவும் காந்தம் மங்கிக்கொண்டிருக்கும் நெகிழ்தட்டில். முன்னாள் மாணவர்கள் தங்கள் அலமாரியைத் திறந்து தட்டுகளைத் தேடித் தந்தால், இந்நாள் மாணவர்கள் ஒரு விடுமுறையில் அவற்றைப் படித்துத் திருத்திவிடலாம். அந்த எழுத்துருவின் பெயர் நினைவில் இருப்பவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது.