ஊறுகாயும் ஒற்றை இன்ஜினும்

சித்தப்பா திருச்சியிலிருந்து மேரிலாண்டுக்கு வந்து சேர்ந்ததும் முதலில் சொன்னது ஊறுகாய் விஷயம். வழியில் விமானம் மாறிய இடத்தில், கைப்பையில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்களாம். "அது திரவமாம்டா. ஆறு மாசம் ஊறினது. அவன்கிட்ட அதை எப்படி விளக்கறது?" பெல்ட்டைக் கழற்றிக் கையைத் தூக்கி நிற்க வைத்ததைக்கூட மன்னித்துவிட்டார். இதை மட்டும் மன்னிக்கவில்லை. நல்ல வேளை, பெரிய பெட்டியில் இன்னொரு பாட்டில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை என்னோடு பறக்க அழைத்துப் போனேன். தனியார் விமானி உரிமம் வைத்திருக்கிறேன். நாலு பேர் உட்காரும் செஸ்னா 172 விமானத்தை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டுவேன். தளம் சின்னது. வேலிக் கதவில் எண் பூட்டு ஒன்று, அவ்வளவுதான். இறக்கைக்கு அடியில் போய் நின்ற சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"செக்கிங் எங்கடா?"

"இங்க கிடையாது சித்தப்பா."

"நான் யாருன்னு இவங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியுமே. அது போதும்கறது சட்டம்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. காற்று கொஞ்சம் தணியட்டும் என்று காத்திருந்தோம். பிளாஸ்க்கில் கொண்டுபோன டீயை ஊற்றிக்கொண்டு, விமானக் கொட்டகை ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எடையைப் பார்க்கணும். எங்கள் செஸ்னா ஆளும் எரிபொருளும் ஏற்றிக் கிளம்பும்போது ஒரு பழைய அம்பாசடர் கார் அளவுதான் கனக்கும். டேங்க் நிரம்பினாலும் 200 லிட்டர் சொச்சம். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களில் மோதிய போயிங் ஒவ்வொன்றிலும் அந்த நேரத்தில் சுமார் 38,000 லிட்டர் இருந்தது. அதோடு, பெரிய விமானத்தில் ஏறுகிற நூற்றைம்பது பேரில் யாருக்கும் யாரையும் தெரியாது. என் விமானத்தில் ஏறுகிறவர் என் சித்தப்பா. பஸ்ஸில் ஏறுகிறவர்களைச் சோதிக்கிற மாதிரி, மாமா வீட்டுக் காரில் ஏறுகிறவர்களையும் சோதிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

"கொழும்புல என்ன ஆச்சு?" என்றார் சித்தப்பா. மறக்கக்கூடிய ஆள் இல்லை.

நியாயமான கேள்வி. 2009 பிப்ரவரி 20 இரவு புலிகளின் ஸ்லின் ரகச் சிறு விமானம் ஒன்று கொழும்பில் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் போய் மோதியது. ஒரு வருடம் ஆவதற்கு இரண்டு நாள் முன்பு, 2010 பிப்ரவரி 18 அன்று, டெக்சஸின் ஆஸ்டின் நகரில் வரித்துறைமேல் ஆத்திரம் கொண்ட ஒருவர் தன்னுடைய பைப்பர் விமானத்தைக் கொண்டுபோய் வரி அலுவலகம் இருந்த கட்டடத்தில் மோதினார். அவரும் உள்ளே இருந்த ஊழியர் ஒருவரும் இறந்தார்கள். கட்டடம் தீப்பிடித்து உருக்குலைந்தது. இரண்டுமே வரி அலுவலகம் என்பது தற்செயல். ஆகவே சின்ன விமானம் சாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டையும் எந்த வாசலில் எந்தப் பையைத் திறந்து பார்த்துத் தடுத்திருக்க முடியும்? விமானம் அவர்களுடையது, ஓட்டியவர்களும் அவர்களே.

"அப்ப உங்களை யாரும் கண்டுக்கறதே இல்லையா?"

கண்டுகொள்வார்கள். நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது இந்தியக் குடிமகன். கைரேகை கொடுத்து, விண்ணப்பம் போட்டு, போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அனுமதி வந்த பிறகுதான் பயிற்சியாளர் என்னைச் சேர்த்துக்கொண்டார். செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்தி ஓட்டியவர்கள் அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகளில் படித்தவர்கள். அதனால் வந்த விதி. இதில் எனக்குக் குறையில்லை. ஆளைப் பார்க்கிற சோதனை அது, பாட்டிலைப் பார்ப்பதில்லை.

எனக்குப் பிணக்கு ஒரு வளையத்தோடுதான். வாஷிங்டனைச் சுற்றி 30 கடல் மைல், அதாவது சுமார் 56 கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம். 2003 பிப்ரவரியில், ஈராக் போருக்குச் சற்று முன், தற்காலிகம் என்று சொல்லிப் போட்டார்கள். 2009-ல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். எங்கள் தளம் அதற்குள்ளேதான் இருக்கிறது. கிளம்பும் முன் எங்கே போகிறேன் என்று பதிவு செய்து, கட்டுப்பாட்டாளரிடம் நாலு இலக்க எண் ஒன்று வாங்கி, ட்ரான்ஸ்பாண்டர் கருவியில் அதைத் திருப்பி வைக்கணும். (அந்த எண்ணில் எட்டும் ஒன்பதும் வரவே வராது, பழைய கருவி அப்படி.) ரேடார் திரையில் அந்த எண் என் அடையாளமாக நகரும். எண் இல்லாமல், பேசாமல் நுழைந்தால் கீழிருந்து சிவப்பு, சிவப்பு, பச்சை என்று லேசர் ஒளி அடிப்பார்கள். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வரும். எஃப்-16 போர் விமானமும் வரலாம். வட்டத்துக்குள் இன்னொரு சின்ன வட்டம் உண்டு. 1909-லிருந்து இயங்கும் காலேஜ் பார்க் தளம் அதற்குள்ளே மாட்டிக்கொண்டது. அங்கே போக விரும்புகிற விமானி முன்கூட்டியே கைரேகை கொடுத்து, பின்னணி விசாரணையில் தேறியிருக்க வேண்டும்.

இத்தனை பெரிய வலையில் சிக்கியது யார் தெரியுமா?

2005 மே 11 அன்று பென்சில்வேனியாவிலிருந்து வட கரோலினாவுக்குப் புறப்பட்ட செஸ்னா 150 ஒன்று வழி தவறி உள்ளே வந்தது. வெள்ளை மாளிகையையும் நாடாளுமன்றக் கட்டடத்தையும் காலி செய்தார்கள். ஜனங்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். எஃப்-16 தீப்பொறி விட்டு எச்சரித்தது. விமானத்தில் இருந்த இருவருக்கும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தை மறுபடி காலி செய்தார்கள். அந்தத் தடவை வந்தது அவர்களுடைய ராணுவத்தின் விமானமே. பேஸ்பால் மைதானத்தில் பாராசூட் வீரர்கள் குதித்து வேடிக்கை காட்டுவதாக ஏற்பாடு. அதைக் காவல்துறைக்கு யாரும் சொல்லவில்லை.

இடையில் 2015 ஏப்ரல் 15 அன்று, ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஒரு தபால்காரர், மேலே விசிறி சுழலும் கைரோகாப்டர் என்ற திறந்த வண்டியில் ஏறி, வளையத்தை ஊடுருவி, நாடாளுமன்றப் புல்வெளியிலேயே இறங்கினார். உறுப்பினர்கள் 535 பேருக்கும் கடிதம் கொண்டுவந்திருந்தார். தேர்தலில் பணம் விளையாடுவதைக் கண்டித்து. ரேடாரில் அவரைப் பறவைக் கூட்டத்திலிருந்தும் மேகத்திலிருந்தும் பிரித்தறிய முடியவில்லை என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். வழி தவறியவர் மாட்டினார். வேண்டுமென்றே வந்தவர் வந்து சேர்ந்தார்.

சித்தப்பா சிரித்தார். "அப்ப தூக்கிடலாம்கிறியா?"

முழுக்க இல்லை. பேசுகிற எங்களைத் திரையில் ஒதுக்கிவிட்டால் பேசாதவன்மேல் கண் நிலைக்கும். அந்தப் பயன் உண்டு. ஆனால் என் செஸ்னாவுக்கே விளிம்பிலிருந்து நடுவுக்கு வரப் பதினாறு நிமிஷம்தான். அதற்குள் அவன் கெட்டவனா, ரேடியோ பழுதான அப்பாவியா என்று ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார எனக்கு ஆசையில்லை.

பெரிய விமானங்களில் எது உதவியது என்று கேட்டால், வரிசையில் நாம் பார்க்கிற எதையும் சொல்ல மாட்டேன். 2015-ல் சோதனைக்காகப் போலி வெடிகுண்டும் ஆயுதமும் கொடுத்து ஆட்களை அமெரிக்க விமான நிலையங்களுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். 70 தடவையில் 67 தடவை உள்ளே போய்விட்டது. செய்தி கசிந்து, போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தற்காலிகத் தலைவரை மாற்றினார்கள். 2001 டிசம்பரில் ஷூவில் வெடிமருந்தோடு ஏறியவனை அமுக்கிப் பிடித்தது பணிப்பெண்களும் பயணிகளும். அதற்காக நாடே 2006-லிருந்து ஷூவைக் கழற்றியது. 2025 ஜூலையில்தான் போதும் என்றார்கள்.

உதவியது என்று நான் நம்புவது மூன்று. ஒன்று, சும்மா உட்காராத பயணிகள். இன்னொன்று, பெட்டிக் கணக்கு.

அதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்தபோது சித்தப்பா பல்லாவரத்தில் குடியிருந்தார். கொழும்பு விமானத்துக்கென்று பெட்டிகளைக் கொடுத்த ஆள் விமானத்தில் ஏறவே இல்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா, 329 பேர். அதிலும் ஆள் ஏறாமல் போன பெட்டி. அதற்கப்புறம்தான் ஆள் வராவிட்டால் பெட்டியை இறக்கு என்ற விதி உலகம் முழுக்க இறுகியது. "யாரோ ஒருத்தர் பெட்டியை இறக்கறாங்க, அரை மணி தாமதம்" என்று நாம் முணுமுணுக்கிறோமே, அந்த அரை மணிதான்.

மூன்றாவது விமானி அறைக் கதவு. 2003 ஏப்ரலுக்குள் துப்பாக்கிக் குண்டு துளைக்காத, உள்ளிருந்து பூட்டுகிற கதவு வைத்தாகணும் என்றார்கள். செப்டம்பர் 11 போல இன்னொரு கடத்தலுக்குக் குறுக்கே நிற்பது முக்கியமாக இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி, கேப்டன் கழிப்பறைக்குப் போன நேரத்தில் அதே கதவைப் பூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர். வெளியிலிருந்து கேப்டன் இடித்தும் கதவு திறக்கவில்லை.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. டீ ஆறிவிட்டிருந்தது. காற்றும் தணிந்திருந்தது.

கிழக்கே விரிகுடாவைத் தாண்டிப் போய் ஒரு புல்தரையில் இறங்கி, தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வளையத்தின் விளிம்பில் கட்டுப்பாட்டாளருக்கு ஏக வேலை. கூப்பிடும்வரை வெளியிலேயே இருங்கள் என்றார். ஒரு தண்ணீர்த் தொட்டியை மையமாக வைத்து வட்டமடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. சித்தப்பா மடியில் இருந்த பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஹெட்செட்டில் கேட்டார்:

"ஊறுகாய் இருக்குன்னு அவன்கிட்ட சொல்லித் தொலைச்சிட்டியா?"