அரிசி கற்பித்த ஆய்வுநெறி

பங்சார் எல்.ஆர்.டி. நிலையத்தில் ஏறுபவர் அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி ஆகிய நிலையங்களைக் கடந்து மூன்றாவதாகப் பல்கலைக்கழக நிலையத்தை அடைவார். அதன் அருகிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் ஒரு புலமாகவும், கணினி அறிவியல் மற்றொரு புலமாகவும், மனிதச் சிந்தனையையும் சமூகத்தையும் ஆராயும் துறைகள் வேறொரு புலமாகவும் இயங்குகின்றன. மாணவர்கள் பொதுவாக இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பயில்வார்கள். ஆனால், இன்றைய மருத்துவ ஆய்வுகளில் மெய்யியல், மருத்துவம், இயந்திரக் கற்றல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தேடி வருகின்றன. இதற்கான காரணத்தை அறிய, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இதே கோலாலம்பூரில் நடந்த ஓர் ஆய்விலிருந்து தொடங்கலாம்.

யாருக்கு நோய் வந்தது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. இந்நோய் கண்டவரின் கால்கள் வீங்கும், உணர்ச்சி மங்கும், நடை தளரும், நோய் முற்றினால் இதயம் செயலிழந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் இந்நோய்க்குப் பலியாயினர். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடமும் கம்பங்களில் வாழ்ந்த மலாய்க்காரர்களிடமும் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது.

இந்த வேறுபாட்டுக்குப் பலரும் பல காரணங்களைக் கூறினர். சிலர் இது தொற்றுக்கிருமியால் வருவது என்றனர். சிலர் வசிக்கும் இடத்தின் குற்றம் என்றனர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய லியோனர்ட் பிராடன் என்ற மருத்துவர் மக்களின் சோற்றுத் தட்டை உற்று நோக்கினார். சீனத் தொழிலாளர்கள் ஆலையில் நன்கு தீட்டப்பட்ட வெள்ளையரிசியை உண்டனர். தமிழர்கள் புழுங்கலரிசியை உண்டனர். மலாய்க்காரர்கள் வீட்டிலேயே அவ்வப்போது குத்திய அரிசியை உண்டனர். ஆகவே, நோய் இனத்தைப் பற்றியதன்று, அரிசியைப் பற்றியது என்று பிராடன் வாதிட்டார். ஆனால், வெள்ளையரிசியில் ஏதோ ஒரு நச்சுப்பொருள் உண்டாவதாக அவர் கருதினார். அவருடைய கவனிப்பு சரியாக இருந்தது. கற்பித்த காரணம் தவறாக இருந்தது.

கவனிப்பிலிருந்து சோதனைக்கு

கவனிப்பு மட்டும் போதுமா? தமிழர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே அரிசி மட்டுமா வேறுபட்டது? தொழில், குடியிருப்பு, மற்ற உணவுகள் என எத்தனையோ வேறுபாடுகள் இருந்தன. மற்றவை யாவும் ஒத்திருந்து, அரிசி மட்டும் வேறுபட்டால்தான் உண்மை தெரியும்.

வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் அத்தகைய சோதனையைக் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் நடத்தினார். 1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அங்கிருந்த நோயாளிகள் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படை எண் பெற்றவர்கள் எதிரிலிருந்த அதே போன்ற மற்றொரு கட்டடத்திலும் தங்க வைக்கப்பட்டனர். முதல் குழுவினருக்குச் சயாமிலிருந்து வந்த வெள்ளையரிசியும் இரண்டாம் குழுவினருக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசியும் வழங்கப்பட்டன. மற்ற உணவில் வேறுபாடு இல்லை.

முடிவு தெளிவாக இருந்தது. வெள்ளையரிசி உண்ட குழுவில் பலர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட குழுவில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. 1907ஆம் ஆண்டு இவ்வாய்வு இலண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டேன்டனும் நெகிரி செம்பிலானின் ஜெலெபு வட்டாரத்தில் சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஆய்வு நடத்தி இதே முடிவை உறுதிப்படுத்தினர்.

காரணத்தின் முழு வடிவம் பிறகே தெரிந்தது. 1912ஆம் ஆண்டு காசிமிர் ஃபங்க் என்ற அறிவியலாளர் உணவிலுள்ள இத்தகைய இன்றியமையாப் பொருள்களுக்கு இட்ட பெயரே 'விட்டமின்' என இன்று வழங்குகிறது. 1926ஆம் ஆண்டு ஜாவாவில் யான்சன், டோனாத் என்ற இருவர் அரிசித் தவிட்டிலிருந்து விட்டமின் பி1 சத்தைத் தூய வடிவில் பிரித்தெடுத்தனர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்தின் ஒரு பகுதி அரிசிமணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. ஆகவே, வெள்ளையரிசியில் நஞ்சு இருக்கவில்லை. இருக்க வேண்டிய சத்துதான் இல்லாமல் போயிருந்தது. நெல் அவித்த தமிழர்க்கு விட்டமின் என்ற சொல் தெரியாது. அவர்களின் சமையல் வழக்கமே அவர்களைக் காத்தது.

இயந்திரம் எவ்வாறு கற்கிறது?

இயந்திரக் கற்றல் என்பது, கணினிக்கு ஒவ்வொரு விதியையும் மனிதரே எழுதிக் கொடுக்காமல், ஏராளமான எடுத்துக்காட்டுகளைக் காட்டி, அவற்றில் மறைந்திருக்கும் ஒழுங்கை அதுவே கண்டுகொள்ளச் செய்யும் முறையாகும்.

1905ஆம் ஆண்டின் மலாயாவில் அத்தகைய கணினி ஒன்று இருந்ததாகக் கற்பனை செய்வோம். நோயாளிகளின் வயது, இனம், தொழில், வசிப்பிடம் ஆகியவை அதற்குத் தரவாக வழங்கப்படுகின்றன. அவர்கள் உண்ட அரிசியின் வகையை மட்டும் எவரும் பதிவு செய்யவில்லை. அக்கணினி எதைக் கற்றிருக்கும்? 'சீனர் என்றால் நோய் வரும். தமிழர் என்றால் வராது' என்றே கற்றிருக்கும். அதன் கணிப்பு பெரும்பாலும் பலித்தும் இருக்கும். ஆனால், ஒரு தமிழ்க் குடும்பம் புழுங்கலரிசியை விட்டு வெள்ளையரிசிக்கு மாறிய நாளில் அக்கணிப்பு பொய்த்திருக்கும். அதைவிடத் தீமையானது, சுரங்கத் தொழிலாளர்களைக் காப்பாற்றும் வழி எவருக்கும் தெரியாமலே போயிருக்கும். இனத்தை மாற்ற இயலாது, அரிசியை மாற்றலாம்.

இங்குதான் மெய்யியல் துணைக்கு வருகிறது. ஒன்றை அடுத்து மற்றொன்று நிகழ்வதை எத்தனை முறை கண்டாலும், முன்னது பின்னதற்குக் காரணம் என்று அக்காட்சி ஒன்றே மெய்ப்பிக்குமா என்று 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்து மெய்யியலாளர் வினவினார். திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயை அறிவதோடு நில்லாமல் அதன் மூலத்தையும் ஆராயுமாறு மருத்துவரை வலியுறுத்துகிறது. உடன் நிகழ்வது வேறு, காரணமாவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்த இயந்திரமும் மனிதரும் ஒரே குழியில் விழுவர்.

இது வெறும் கற்பனை அன்று. 1990களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளுள் யாருக்கு உயிராபத்து அதிகம் என்று கணிக்கக் கணினி பழக்கப்பட்டது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவு என்று அது கற்றுக்கொண்டது. உண்மையில் அவர்களுக்கு ஆபத்து அதிகம். அதனால்தான் மருத்துவர்கள் அவர்களை உடனே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துக் காப்பாற்றினர். கணினிக்குத் தெரிந்தது அவர்கள் பிழைத்தார்கள் என்பது மட்டுமே. பிழைத்ததற்கான காரணம் தெரியவில்லை. அதன் சொற்படி ஆஸ்துமா நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் விளைவு விபரீதமாகியிருக்கும். ஆய்வாளர்கள் அக்குறையை முன்கூட்டியே கண்டறிந்தனர்.

2019ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு மற்றொரு குறையை வெளிப்படுத்தியது. அமெரிக்காவில் கூடுதல் மருத்துவக் கவனிப்பு யாருக்குத் தேவை என்று முடிவுசெய்ய ஒரு கணினி நிரல் பயன்பட்டது. அது நோயின் கடுமையை அளக்க மருத்துவச் செலவை அளவுகோலாகக் கொண்டது. கறுப்பின மக்களுக்கு மருத்துவம் எளிதில் கிட்டாததால் அவர்களுக்காகச் செய்யப்பட்ட செலவு குறைவாக இருந்தது. செலவு குறைவு என்பதை நோய் குறைவு என்று நிரல் பொருள்கொண்டது. எதை அளக்கிறோம் என்பதைச் சிந்திக்காமல் அளந்தால், பழைய அநீதி புதிய கருவியிலும் தொடரும் என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

கண்ணைக் காக்கும் கருவி

இயந்திரக் கற்றலால் விளையும் நன்மைகளும் பெரியவை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு முற்றினால் கண்ணின் விழித்திரையில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைந்து பார்வை பறிபோகலாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலோரின் பார்வையைக் காப்பாற்றலாம். ஆனால், நீரிழிவு உள்ள ஒவ்வொருவரின் விழித்திரையையும் ஆண்டுதோறும் சோதிக்கப் போதிய கண் மருத்துவர்கள் பல நாடுகளில் இல்லை.

இத்தேவைக்குத் தமிழ்நாட்டிலும் விடை தேடப்பட்டது. மதுரையில் 1976ஆம் ஆண்டு டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கூகுள் நிறுவன ஆய்வாளர்களுடன் இணைந்து பணியாற்றியது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் எடுக்கப்பட்ட 128,175 விழித்திரைப் படங்களைக் கண் மருத்துவர்கள் 54 பேர் தரம்பிரித்தனர். ஒவ்வொரு படமும் மூன்று முதல் ஏழு முறை மதிப்பிடப்பட்டது. அப்படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட கணினி, கண் பாதிப்பை உயர்ந்த துல்லியத்துடன் கண்டறிவதாக 2016ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே படத்தை ஏன் பலர் மதிப்பிட்டனர்? தேர்ந்த மருத்துவர்களிடையேயும் கருத்து வேறுபாடு இருந்தது. 'சரியான விடை' என்பதை யார், எவ்வாறு முடிவுசெய்வது? கணினிக்குப் பாடம் சொல்லும் முன் மனிதர்கள் தங்களுக்குள் இந்த வினாவைத் தீர்க்க வேண்டியிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் வென்ற கருவி மருந்தகத்திலும் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. இக்கருவியைத் தாய்லாந்தின் 11 மருந்தகங்களில் பயன்படுத்திய அனுபவம் 2020ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அங்கு எடுக்கப்பட்ட படங்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைக் கணினி ஏற்கவில்லை. படம் எடுக்கப்பட்ட அறைகளின் வெளிச்சம் பொருத்தமாக இல்லாததும் ஒரு காரணம். இணைய வேகம் குறைவாக இருந்ததால் காத்திருப்பும் நீண்டது. படம் ஏற்கப்படாதவர்கள் வேறொரு நாளில் வேறொரு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருந்தது. நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் வருமானம். அந்த இழப்பு கணினியின் துல்லியக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

பதினெட்டுப் பேர்

கோலாலம்பூர் ஆய்வு இன்னொரு கேள்வியையும் விட்டுச் சென்றிருக்கிறது. அந்தப் பதினெட்டுப் பேர் யார்? அவர்கள் மனநோயாளிகள். எந்த அரிசியை உண்பது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆய்வுக்கு உட்படுபவரின் சம்மதத்தைக் கட்டாயமாக்கிய விதிகள் அக்காலத்தில் பரவலாக இல்லை. அவர்களுடைய மரணத்தால் கிடைத்த அறிவு பின்னர் எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பது உண்மை. அதனால் அவர்களுக்கு நேர்ந்தது நியாயமாகிவிடுமா? ஆய்வின் பயன் எவ்வளவு பெரிதாயினும், மனிதரை அவர்தம் சம்மதமின்றிக் கருவியாக்கக் கூடாது என்ற எண்ணம் மெல்ல வலுப்பெற்றது. 1947ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறிமுறையும், 1964ஆம் ஆண்டு உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கி அறிக்கையும் அவ்வெண்ணத்திற்கு வடிவம் தந்தன.

இன்று ஆய்வுக்கு உட்படுவது உடல் மட்டுமன்று; தரவும்தான். மருத்துவமனையில் எடுக்கப்படும் ஒருவரின் கண் படம் கணினியைப் பழக்கப் பயன்படலாம். அதற்கு அவர் சம்மதித்தாரா? கணினி தவறாகக் கணித்தால் பொறுப்பு மருத்துவருடையதா, நிரலை உருவாக்கியவருடையதா, மருத்துவமனையினுடையதா? இக்கேள்விகளுக்கு விடைகாண மருத்துவ அறிவோ கணினித் திறனோ தனித்துப் போதாது.

மூன்று துறைகளும் செய்யும் பணி வெவ்வேறானது. மருத்துவம் நோயாளியின் நலனை நாடுகிறது. இயந்திரக் கற்றல், மனிதக் கண் தவறவிடும் ஒழுங்குகளைத் தரவுகளிலிருந்து கண்டெடுக்கிறது. மெய்யியல், 'இது காரணமா? இது நியாயமா? இதற்கு யார் பொறுப்பு?' என்று கேட்கிறது. இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் மற்றவை வழிதவறக்கூடும். நாளை மருத்துவராகவோ நிரலாளராகவோ வரவிருக்கும் மாணவர், தம் முன்னுள்ள தரவு எவ்வளவு பெரிதாயினும், அதில் பதிவு செய்யப்படாமல் போன அரிசி எது என்று கேட்கப் பழகிக்கொள்வது நன்று.