விரதம் இருந்தால் கொழுப்பு கரையுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பல கம்பெனிகளில் இரண்டாம் ஷிப்ட் இரவு பத்து மணிக்கு முடிகிறது. வேலை முடிந்து பசியோடு வருபவர் சி.டி.எச். சாலையில் நான்கு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டால் ஆயிரம் கலோரியைத் தாண்டிவிடும். பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு, மீதி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் தொப்பை கரையும் என்று கேள்விப்பட்டு, காலை டிபனை மட்டும் நிறுத்தியவர்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் நிறையப் பேர். அவர்கள் படும் சிரமத்துக்குப் பலன் உண்டா?

சாப்பிட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு உடல் கல்லீரலில் சேர்த்துவைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. அது சுமார் 100 கிராம்தான். அது குறையக் குறைய, கொழுப்பு அதிகமாக எரிகிறது. இதுவரை சரி. ஆனால் அடுத்த வேளை கூடுதலாகச் சாப்பிட்டால் எரிந்த கொழுப்பு திரும்பச் சேர்ந்துவிடும். ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வாரக்கணக்கில் வரவைவிடச் செலவு கூடினால்தான் அது குறையும்.

சீனாவின் குவாங்சோவில் உடல்பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. இரு குழுவுக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. ஒரு குழு மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நான்குக்குள் சாப்பிட்டது. அந்தக் குழு 8 கிலோ குறைந்தது, மற்றது 6.3 கிலோ. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிறது புள்ளியியல். 2025-இல் 99 ஆய்வுகளை, 6,582 பேரைச் சேர்த்துப் பார்த்த அலசலும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. விரதம் எடையைக் குறைக்கிறது. தினமும் அளவாகச் சாப்பிடுவதும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைக்கிறது. கலோரி எண்ணச் சலிப்பவருக்கு விரதம் எளிது. சிகாகோவில் மதியம் பன்னிரண்டு முதல் இரவு எட்டுக்குள் மட்டும் சாப்பிட்டவர்கள், எந்தக் கணக்கும் பார்க்காமலே தினமும் சுமார் 425 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். ஆடி வெள்ளியில் திருவேற்காடு அம்மனுக்கு ஒருபொழுது இருந்துவிட்டு, மாலையில் பாயசமும் வடையும் நிறையச் சாப்பிட்டால் அந்தக் குறைவு கிடைக்காது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது தசைதான். 2020-இல் வெளிவந்த சான் பிரான்சிஸ்கோ ஆய்வில் 16 மணி நேர விரதக்காரர்கள் 12 வாரத்தில் இழந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. உடலமைப்பு அளக்கப்பட்டவர்களிடம், குறைந்த எடையில் சுமார் 65 சதவீதம் கொழுப்பல்ல. தசை உள்ளிட்ட மற்ற திசுக்கள். நமக்கு இது பெரிய விஷயம். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் தங்களையே அளந்து காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. ஒல்லியாகத் தெரியும் நம் உடம்பில் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. இந்தியர்களின் கலோரியில் புரதத்தின் பங்கும் சுமார் 12 சதவீதம்தான். எனவே சாப்பிடும் எட்டு மணி நேரத்தில் முட்டை, சுண்டல், மீன், தயிர் கட்டாயம் வேண்டும். தண்டால், எடை தூக்குதல் போன்ற பயிற்சியும் வேண்டும். எடை எந்திரத்தைவிட இடுப்பு நாடாவை நம்புங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பதே இந்தியர்களுக்கான எல்லை.

இரவு ஷிப்ட் பார்ப்பவர் எந்த எட்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுப்பது? 2021-இல் அமெரிக்காவில் 19 பேரை ஆய்வகத்தில் இரவு வேலைச் சூழலில் வைத்துப் பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களின் ரத்த சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் பத்து மணிப் பரோட்டாவை மாலை இடைவேளைச் சாப்பாடாக மாற்றிக்கொள்ள இது போதுமான காரணம். காலை டிபனை விட்டுவிட்டு நள்ளிரவில் சாப்பிடுவது தலைகீழ் முறை.

தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் டாக்டரிடம் மருந்தின் அளவைப் பேசிய பிறகே விரதம் தொடங்கவேண்டும். எந்திரத்தின் முன் நிற்கும்போது சர்க்கரை இறங்கினால் ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும்தான்.