கட்டுரைக்குப் பணம் கட்டும் முன்

சித்தூர் அருகே குடிபாலாவில் வீட்டில் இருந்துகொண்டே திருப்பதி ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருத்தி, தோத்தாபுரி மாங்கூழைப் பற்றி வெளிநாட்டு ஆய்விதழில் வந்த கட்டுரையைத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் ஸ்காலரில் தலைப்பும் சுருக்கமும் உடனே கிடைக்கும். முழுக் கட்டுரையைத் திறக்கப் போனால் விலை வந்து நிற்கும். ஒரே ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் கேட்பது சாதாரணம். பலர் அங்கேயே தேடலை விட்டுவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம். அந்தக் கட்டுரைக்கான பணம் பெரும்பாலும் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் 6,300க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு இதன்மூலம் கிடைக்கின்றன. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. பெரிய ஐஐடிகளின் நூலகங்கள் மட்டுமே வாங்க முடிந்த இதழ்கள், இன்று மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் உரியவை.

அப்படியானால் விலை ஏன் கேட்கிறது? பதிப்பகத்தின் கணினிக்கு நம்மைத் தெரியாது; நம் இணைப்பின் ஐபி முகவரி மட்டுமே தெரியும். பல்கலைக்கழகம் தன் வளாகத்து முகவரிகளை முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும். வளாகத்து இணைப்பில் இருந்தால் கட்டுரை எதுவும் கேட்காமல் திறக்கும். குடிபாலாவில் செல்போன் டேட்டாவில் திறந்தால் அந்த முகவரி பட்டியலில் இருக்காது.

அதற்கும் வழி இருக்கிறது. விலைக்குப் பக்கத்திலேயே, நிறுவனத்தின் வழியாக உள்ளே வரலாம் என்று சிறிய எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தி, இன்ஃபெட் என்ற கூட்டமைப்பையும் பிறகு நம் பல்கலைக்கழகத்தின் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். உடனே நம் நிறுவனத்துக்கான நுழைவுப் பக்கம் திறக்கும். கடவுச்சொல்லை அங்கேதான் கொடுக்கிறோம். பதிப்பகத்துக்கு அது போவதே இல்லை. 'இவர் எங்கள் ஆள்தான்' என்ற உறுதி மட்டும் போகும். இதற்கான கணக்கை நூலகத்தில் கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு ஆராய்ச்சி மாணவரும் நூலகரைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

தேடும்போது தலைப்பைவிட டிஓஐ எண் நம்பகமானது. 2000ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கும் இது, 10 என்று தொடங்கி ஒரு புள்ளியும், பதிப்பகத்துக்கான எண்ணும், சாய்கோடும், பிறகு அந்தக் கட்டுரைக்கே உரிய அடையாளமும் கொண்டது. 10.1007 என்றால் ஸ்பிரிங்கர், 10.1016 என்றால் எல்செவியர். நிலம் கைமாறினாலும் சர்வே எண் அதேதான் என்பதுபோல, இதழ் வேறு பதிப்பகத்துக்குப் போனாலும் இந்த எண் மாறாமல் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் விடும்.

முந்தைய தலைமுறைக்கு இந்த வசதி இல்லை. 1952இல் டில்லியில் தொடங்கிய இன்ஸ்டாக் நிறுவனத்துக்கு எழுதிப் போட்டு, கட்டுரையின் நகல் தபாலில் வரும்வரை காத்திருந்தார்கள். இல்லாவிட்டால் ஆசிரியருக்கே அச்சடித்த அட்டையில் 'ஒரு பிரதி அனுப்புங்கள்' என்று எழுதுவார்கள். கடல் கடந்தும் பிரதிகள் வந்தன.

தனியார் கல்லூரிகள் இந்தத் திட்டத்தின் முதல் கட்டத்தில் சேரவில்லை. சித்தூர் வட்டாரத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் பலர்; அவர்களை விட்டது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. கல்லூரி நூலகம் தனியாகச் சந்தா கட்டியிருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும். இல்லையென்றால் அன்பேவால் என்ற இலவச நீட்சியை உலாவியில் சேர்த்துக்கொள்ளலாம். கட்டுரையின் பிரதி சட்டப்படி வேறெங்காவது திறந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட் சென்ட்ரலில் தேடலாம். இந்திய ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்களும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன.

எதிலும் அகப்படவில்லையா? அந்தப் பழைய அட்டையின் வேலையை இன்று மின்னஞ்சல் செய்கிறது. கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியரின் முகவரி இருக்கும். யார், எங்கே படிக்கிறோம், அவருடைய எந்தக் கட்டுரை எதற்காக வேண்டும் என்று நான்கு வரி போதும். கேட்டு எழுதும் மாணவருக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு பிரதி அனுப்பப் பெரும்பாலான பதிப்பகங்கள் ஆசிரியர்களை அனுமதிக்கின்றன. தன் கட்டுரையை ஒருவர் தேடிப் படிக்க விரும்புவது எந்த ஆய்வாளருக்கும் மகிழ்ச்சிதான், கூச்சப்படாமல் எழுதுங்கள்.