காற்றில் பறக்கும் எழுத்துகள்!
ஒயர் இல்லாத கீ போர்டு வாங்குவோர் கவனத்துக்கு...

பெங்களூர் சிட்டி மார்க்கெட்டுக்கும் டவுன் ஹாலுக்கும் பக்கத்தில் இருக்கிறது எஸ்.பி. ரோடு. கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர் போன தெரு. சம்பளத் தேதி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் கால் வைக்க இடம் இருக்காது.

இப்போது அங்கே எல்லோரும் கேட்கும் பொருள்களில் ஒன்று ஒயர் இல்லாத கீ போர்டு. அதிலேயே ஓரமாக மவுஸுக்குப் பதில் விரலால் தடவும் 'டச்பேடு' சேர்ந்தே வரும் வகையும் உண்டு.

காரணம் இருக்கிறது. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் ஒற்றை அறை வாடகை வீட்டில் குடியிருப்பவர் மேஜை எங்கே போடுவது, நாற்காலி எங்கே போடுவது? கம்ப்யூட்டரை டி.வி.யோடு இணைத்துவிட்டு, பாயில் உட்கார்ந்தபடி மடியில் கீ போர்டை வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. பையன் பாடம் படிக்கலாம். அப்பா ரெயில் டிக்கெட் எடுக்கலாம். அம்மா ஊரில் இருக்கும் தாத்தாவிடம் முகம் பார்த்துப் பேசலாம்.

வசதி நல்லதுதான். ஆனால் வாங்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் பணம் சம்பந்தப்பட்ட ஆபத்து ஒன்றும் இருக்கிறது!

குட்டி வானொலி நிலையம்

ஒயர் இல்லாத கீ போர்டு என்பது உண்மையில் ஒரு குட்டி வானொலி நிலையம். நீங்கள் ஒரு கட்டையைத் தட்டியதும் அதன் எண்ணை அது காற்றில் ஒலிபரப்புகிறது. கம்ப்யூட்டரில் செருகியுள்ள கட்டைவிரல் நகம் அளவு ரிசீவர் அதைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்குப் பயன்படும் அலை 2.4 கிகா ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 240 கோடி அதிர்வு. சாதாரணமாக 10 மீட்டர் தூரம் வரை எட்டும்.

ரேடியோ பெட்டி வைத்திருக்கவே தபால் ஆபீசில் லைசென்சு கட்டிய காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. இந்த அலைவரிசையில் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு லைசென்சு தேவை இல்லை என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் விதி வகுத்தது.

ஒயர் இல்லாத கீ போர்டு நேற்று வந்த பொருளும் அல்ல. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி 1983-ல் அறிவித்த 'பி.சி. ஜூனியர்' என்ற வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அது இருந்தது. டி.வி. ரிமோட் போல அகச்சிவப்பு ஒளியில் இயங்கியது. குறுக்கே ஆள் வந்தால் எழுத்து நின்றுவிடும்! அந்தக் கம்ப்யூட்டரின் தயாரிப்பு 1985-ல் நிறுத்தப்பட்டது. ரேடியோ அலைக்கு இந்தக் குறை இல்லை. ஆளைத் தாண்டும். சுவரையும் தாண்டும்.

சுவரைத் தாண்டுவதில்தான் ஆபத்தும் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்!

ஒரே வரிசையில் பத்து வீடுகள். நடுவில் அரைச் செங்கல் சுவர். உங்கள் கீ போர்டின் 'ஒலிபரப்பு' அடுத்த வீட்டிலும் இருக்கும், தெருவிலும் இருக்கும். நீங்கள் தட்டுவது பாங்கிக் கணக்கின் பாஸ்வேர்டாக இருந்தால்?

நல்ல கீ போர்டுகள் எழுத்தைச் சங்கேதமாக மாற்றி அனுப்புகின்றன. நடுவில் பிடிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆனால் எல்லாக் கீ போர்டும் அப்படி அல்ல.

அமெரிக்காவின் 'பாஸ்டில்' என்ற நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் இரண்டு குறைபாடுகளை அம்பலப்படுத்தினார்கள். பிப்ரவரியில் வெளியிட்டதற்கு 'மவுஸ் ஜாக்' என்று பெயர். 7 கம்பெனிகளின் ரிசீவர்களை ஏமாற்றி, வெளி ஆள் தூரத்தில் இருந்தே நம் கம்ப்யூட்டரில் எழுத்துகளைத் தட்ட முடியும் என்று காட்டினார்கள்.

ஜூலையில் வெளியிட்டது 'கீ ஸ்னிஃபர்'. இது இன்னும் மோசம். 8 கம்பெனிகளின் மலிவு விலைக் கீ போர்டுகள் எழுத்துகளைச் சங்கேதம் இல்லாமல், பச்சையாகவே அனுப்புவது தெரியவந்தது. சுமார் 75 மீட்டர் தூரத்தில் இருந்து அவற்றை ஒட்டுக்கேட்க முடிந்தது. அந்தக் கீ போர்டுகளில் பெரும்பாலானவற்றைப் பிறகு திருத்தவும் வழி இல்லை.

'புளூடூத்' முறையில் இயங்கும் கீ போர்டுகள் அந்த இரண்டிலும் சிக்கவில்லை. ஆனால் 2023 டிசம்பரில் அதிலும் ஓர் ஓட்டை வெளியே வந்தது. உரிமையாளருக்குத் தெரியாமலே வெளி ஆள் தன் கீ போர்டை நம் கருவியோடு இணைத்துவிட முடியும் என்பது அது. கம்பெனிகள் திருத்தம் வெளியிட்டன. கம்ப்யூட்டர் 'அப்டேட் செய்யவா?' என்று கேட்கும்போதெல்லாம் 'அப்புறம்' என்று தள்ளுகிறவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது.

என்ன செய்யலாம்?

* பெட்டியின் மீது 'என்கிரிப்ஷன்' அல்லது 'ஏ.இ.எஸ். 128' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் சங்கேதத்துக்கு அடையாளம். பெயர் தெரியாத கம்பெனியின் பொருளை விலை மலிவு என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

* பணம் அனுப்புவதற்கு மட்டும் பழைய ஒயர் கீ போர்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் அது. ஐந்து நிமிடம் ஒயரோடு உட்கார்வதில் நஷ்டம் இல்லை.

* ரிசீவர் தொலைந்தால் பல மாடல்களில் கீ போர்டும் வீண். வேலை முடிந்ததும் கீ போர்டின் அடியில் உள்ள பொந்திலேயே அதைச் செருகி வைப்பது நல்லது.

* எழுத்து விட்டுவிட்டு விழுந்தால் உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ரிசீவரை யு.எஸ்.பி. 3 வகைத் துளையில் செருகியிருக்கலாம். அதன் இரைச்சல் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும் என்று இன்டெல் கம்பெனியே 2012-ல் விளக்கியிருக்கிறது. சில கம்ப்யூட்டர்களில் இந்தத் துளையின் உள்பக்கம் நீல நிறத்தில் இருக்கும். வேறு துளைக்கு மாற்றுங்கள், அல்லது சின்ன நீட்டிப்பு ஒயர் போட்டு ரிசீவரை முன்பக்கம் கொண்டுவாருங்கள். வைஃபை பெட்டியும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலையில்தான் இயங்குகின்றன. அவற்றையும் தள்ளி வையுங்கள்.

ஈரக் கை ஆகாது

டச்பேடு விரலின் அழுத்தத்தால் இயங்குவதில்லை. நம் உடம்பில் மின்சாரம் தங்கும் தன்மையை அது உணர்கிறது. அதனால் பென்சிலால் தடவினால் அசையாது. ஈரக் கையோடு தொட்டால் அம்பு கண்டபடி ஓடும். ஒரு விரலால் தடவினால் அம்பு நகரும். இரண்டு விரலால் தடவினால் பக்கம் மேலும் கீழும் ஓடும். முதியவர்கள் இரண்டே நாளில் பழகிவிடலாம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கணக்குப் போடும் வேலை இருந்தால் மவுஸே மேல். மடியில் வைத்துக் குனிந்தபடி நெடுநேரம் டைப் அடித்தால் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது இன்றைக்கும் பொருந்தும்.

தமிழ் எங்கே?

"கீ போர்டில் தமிழ் எழுத்து இல்லையே?" என்று கேட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கவலை வேண்டியதில்லை.

முன்பே சொன்னபடி, கீ போர்டு அனுப்புவது எழுத்தை அல்ல, கட்டையின் எண்ணைத்தான். அந்த எண்ணுக்கு 'க'வா, 'ಕ'வா, ஆங்கில எழுத்தா என்று தீர்மானிப்பது கம்ப்யூட்டர். ஆகவே எந்தக் கீ போர்டிலும் தமிழ் அடிக்கலாம். ஆபீசில் கன்னடமும் ஆங்கிலமும் அடித்துவிட்டு வரும் குமாஸ்தா, வீட்டில் அதே கட்டைகளில் தமிழ் அடிக்கலாம்.

இந்திய எழுத்துகளுக்கு என்றே தனிப் பலகை செய்யும் முயற்சியும் நம் பெங்களூரில் நடந்தது. இங்குள்ள எச்.பி. ஆய்வுக்கூடம், இந்தி, கன்னடம் போன்ற மொழிகளுக்காகப் பேனாவால் எழுதும் பலகை ஒன்றை உருவாக்கியது. பலகையில் அச்சிட்டுள்ள மெய்யெழுத்தின் மீதே பேனாவால் கொம்பும் சுழியும் போட்டால் முழு எழுத்து திரையில் விழும். ஆனால் கடைகளில் நிலைத்து நின்றது சாதாரணக் கீ போர்டுதான்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து, 'தமிழ் 99' என்ற முறையைத் தமிழக அரசு ஏற்றது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்யெழுத்துகள் வலது கைக்கு. 247 எழுத்துகளும் 31 கட்டைகளில் அடக்கம். புள்ளி வைக்கும் வேலையைப் பல இடங்களில் கம்ப்யூட்டரே செய்துவிடும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதில் 'தமிழ் 99' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். தனிச் செலவு இல்லை. கட்டைகளில் ஒட்டும் எழுத்துத் தாள் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடத்தில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, தமிழைப் பேச மட்டும் தெரிந்த பிள்ளைகள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கீ போர்டைக் கொடுங்கள். அ, ம, ம, ஆ என்று நான்கு கட்டைகளைத் தட்டச் சொல்லுங்கள். டி.வி. திரையில் 'அம்மா' என்று பெரிதாக வரும். அடுத்த சொல்லை அவர்களே கேட்பார்கள்!