பொது வரைபடக் கருவிகளும் ஊர்க் கருவிச் சங்கமும்

நெல்வயலில் களையெடுப்பு தாமதித்தால் மகசூல் குறையும் என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. நெமிலித் தாலுகாவில் இத்தாமதத்துக்கு முக்கியக் காரணம் ஆள் கிடைக்காமையாகும். வாலாஜா, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளுக்கு நம் கிராமத்தார் வேலைக்குச் செல்வது புதிதன்று. 2024-ல் பனப்பாக்கத்தில் மோட்டார் வாகனத் தொழிற்சாலை ஒன்றுக்கும் காலணித் தொழிற்சாலை ஒன்றுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. மாதச் சம்பளத்தை நாடிச் செல்வோரைக் குறைகூறுதல் முறையன்று. எஞ்சியுள்ள சில ஆட்களைக்கொண்டு காலத்தில் வேலையை முடிப்பது எவ்வாறு என்பதே நாம் ஆலோசிக்க வேண்டிய விஷயம். அதற்குக் கருவிகள் வேண்டும். அக்கருவிகள் நம் மண்ணுக்கு ஏற்றவையாகவும், பழுதுற்றால் உள்ளூரிலேயே அன்றைக்கே சீர்செய்யத் தக்கவையாகவும் இருத்தல் வேண்டும். இதற்குரிய ஒரு வழியை இங்கு விளக்குவோம்.

பொது வரைபடக் கருவி என்பது யாது?

ஒரு கருவியின் வரைபடம், அளவுகள், அதற்கு வேண்டிய சாமான்களின் ஜாபிதா, செய்யும் முறை ஆகிய யாவற்றையும் மறைக்காமல் வெளியிட்டு, எவரும் அதைப் படிக்கவும், செய்யவும், தம் தேவைக்கேற்ப மாற்றவும், செய்து விற்கவும் அனுமதி அளிப்பதுண்டு. அத்தகைய கருவியை இக்காலத்தார் ‘திறந்த மூல வன்பொருள்’ என்பர். நாம் ‘பொது வரைபடக் கருவி’ என்று வழங்குவோம். இதற்குரிய பொது இலக்கணம் 2011-ல் வகுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஐரோப்பாவிலுள்ள ‘செர்ன்’ என்னும் அணு ஆராய்ச்சி நிலையமும் இத்தகைய வரைபடங்களுக்கென்று ஓர் உரிமப் பத்திரத்தை வெளியிட்டது.

பொது வரைபடம் என்றவுடன் கருவி இலவசமாகக் கிடைக்கும் என்று கருதலாகாது. இரும்புக்கு விலை உண்டு. கொல்லருக்குக் கூலி உண்டு. இலவசமாவது அறிவு ஒன்றே. ஏரி நீரைப் பலர் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். வரைபடத்தைப் பலர் பங்கிட்டாலோ அது குறைவதில்லை. ஒருவர் கண்ட திருத்தம் மற்றவருக்கும் சேர்வதால் வளரவே செய்கிறது.

களைக்கருவி கற்பிக்கும் பாடம்

1860-களில் சென்னை ஆளுநராயிருந்த சர் வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை முதலிய பெரிய இயந்திரங்களைத் தருவித்தார். அவை சைதாப்பேட்டைப் பண்ணையில் சோதிக்கப்பட்டன. அவற்றுள் நீராவிக் கலப்பை நம் நாட்டுக் குடியானவரின் வயலில் நிலைபெறவில்லை. சிறு வயலுக்கும், நாட்டு மாட்டுக்கும், ஊர்க் கொல்லரின் உலைக்கும் பொருந்தாத கருவி எவ்வளவு சிறந்ததாயினும் கிராமத்தில் வேரூன்றாது.

இதற்கு நேர்மாறான உதாரணம் நெல்வயலில் தள்ளும் களைக்கருவியாகும். பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தாம் அமைத்த சிறு கருவிகளின் வரைபடங்களைப் பட்டறைக்காரர்களுக்குக் கட்டணமின்றி அளித்து வந்தனர். 1970-களில் பரவிய கதிரடிக்கும் இயந்திரமும், பின்னர் வந்த கூம்பு உருளைக் களைக்கருவியும் இவ்வழியே பல தேசங்களுக்குச் சென்றன. நம் குடியானவர்கள் ‘கோனோ வீடர்’ என்பது இதனையே.

மடகாஸ்கர் தீவில் 1983-ல் லொலானியே என்னும் பாதிரியார் கண்டறிந்த ஒற்றை நாற்று முறை நம் மாகாணத்துக்கு வந்தபோது இக்கருவிக்குப் புதிய மதிப்பு ஏற்பட்டது. 2003-04-ல் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இம்முறையைக் குடியானவர்களின் வயல்களிலேயே சோதித்தனர். 14 நாள் நாற்றை 22.5 செ.மீ., அதாவது சுமார் 9 அங்குல இடைவெளியில் சதுரமாக நட்டு, 10 நாளுக்கு ஒருமுறை களைக்கருவியைத் தள்ளுவது இதன் முக்கிய அங்கம்.

இங்கு ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 9 அங்குல இடைவெளியில் நட்ட ஓர் ஏக்கரில் எல்லா வரிசைகளையும் ஒரு திசையில் ஒருமுறை கடக்க, ஆள் சுமார் 18 கிலோமீட்டர் நடக்க வேண்டும். குறுக்கிலும் தள்ளினால் 36 கிலோமீட்டர். சேற்றில் இவ்வளவு தூரம் முன்னும் பின்னும் அசைத்துத் தள்ளும் கருவியில் அரைக் கிலோ எடை குறைந்தாலும் ஆளின் தோளுக்கு அது பெரிய உபகாரமாகும். களிமண் வயலில் உருளையின் பற்களிடையே மண் அப்பிக்கொள்ளும். மணற்பாங்கான வயலில் அவ்வளவு அப்பாது. உயரமான ஆளுக்கு அமைத்த கைப்பிடி, களையெடுப்பில் பெரும்பங்கு வகிக்கும் பெண்களின் கைக்கு ஒவ்வாது. ஆகையால் ஒரே கருவி எல்லா வயலுக்கும் பொருந்துவதில்லை.

வரைபடம் பொதுவில் இருந்தமையால் பல மாநிலங்களில் குடியானவரும் கொல்லரும் தத்தம் மண்ணுக்கேற்ப அதை மாற்றினர். ஆந்திரப் பகுதியில் ‘மண்டவா’ என்று வழங்கும் எடை குறைந்த களைக்கருவி இவ்வகையைச் சேர்ந்தது. செகந்திராபாத்திலுள்ள ‘வாசன்’ என்னும் ஸ்தாபனத்தார் இவ்வாறு வழங்கும் களைக்கருவிகளைப் பற்றித் தொகுத்து நூலாகவும் வெளியிட்டனர்.

வரைபடம் மட்டும் போதாது

வரைபடத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் சுவரில் ஒட்டினாலும் பயன் ஒன்றே. அதைச் செய்து பார்த்து, குறை கண்டு, திருத்தி, பிறருக்குச் சொல்லும் ஒரு கூட்டம் ஊரில் இருந்தால்தான் அது உயிர்பெறும்.

மகாராஷ்டிரத்தில் புனே ஜில்லாவிலுள்ள பாபல் கிராமத்தில் டாக்டர் கல்பாக் 1983-ல் விஞ்ஞான ஆசிரமத்தை நிறுவினார். அங்கு கிராமத்துப் பிள்ளைகள் ஊராருக்கு வேண்டிய பொருள்களைத் தம் கையால் செய்தே கல்வி கற்கின்றனர். 2002-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரின் துணையுடன் அங்கு ஒரு நவீனப் பட்டறையும் அமைந்தது. பிரான்ஸ் தேசத்தில் ‘உழவர் பட்டறை’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு கூட்டுறவு ஸ்தாபனம், குடியானவர்களை ஓரிடத்தில் கூட்டி, அவரவர் கருவியை அவரவரே செய்துகொள்ளப் பயிற்சி அளிக்கிறது. நம் நாட்டில் பேராசிரியர் அனில் குப்தா 1980-களின் இறுதியில் தொடங்கிய ‘தேனீ’ இயக்கம், குடியானவர் கண்ட நூதனங்களைக் கண்டவர் பெயரோடும் அவரவர் தாய்மொழியிலும் வெளியிட வேண்டும் என்னும் முறையை வகுத்தது. மதுரையிலிருந்து ‘சேவா’ ஸ்தாபனத்தார் வெளியிட்ட ‘நம்வழி வேளாண்மை’ அவ்வியக்கத்தின் தமிழ்ப் பத்திரிகை.

அமெரிக்காவில் யாகுபோவ்ஸ்கி என்பவர் ஒரு கிராமத்துக்கு வேண்டிய 50 இயந்திரங்களுக்கும் பொது வரைபடம் தயாரிக்கும் முயற்சியைத் தொடங்கினார். நமக்கு இப்போது ஐம்பது வேண்டுவதில்லை. ஒன்று செவ்வையாக அமைந்தால் போதும்.

சங்கம் அமைக்கும் முறை

1. முதலில் ஊரார் யாவருக்கும் பொதுவான ஒரே இடரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நெமிலிப் பக்கத்துக்குக் களைக்கருவியே தக்க தொடக்கம். அது மலிவானது, மின்சாரமோ எண்ணெயோ வேண்டாதது, பெரிய விபத்துக்கு இடமில்லாதது.

2. பத்துப் பேருக்கு மேற்படாத கூட்டமாகத் தொடங்குவது நலம். அதில் நிலமுடையோர் மட்டும் இருப்பது போதாது. கருவியைத் தள்ளும் ஆண் பெண் தொழிலாளர் இருவரேனும், ஒரு கொல்லர் அல்லது வெல்டிங் பட்டறைக்காரரும், படம் வரையத் தெரிந்த ஓர் ஐ.டி.ஐ. மாணவரும் இருத்தல் வேண்டும். தோள் நோவது யாருக்கோ, அவர் சொல்லே முதற்சொல்லாக இருக்கட்டும்.

3. பழைய கருவி ஒன்றைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து எழுத வேண்டும். மிதவையின் நீள அகலம், உருளையின் பருமன், பற்களின் எண்ணிக்கை, அச்சின் கனம், கைப்பிடியின் உயரம், மொத்த எடை ஆகியவை அவசியம். உருளையின் அகலம் நடவு இடைவெளியைவிட 3 அங்குலமேனும் குறைந்திருக்க வேண்டும். இல்லாவிடில் பயிரின் வேர் அறும்.

4. ஒரு முறைக்கு ஒரே மாற்றம் செய்க. எடையையும் பற்களையும் ஒருசேர மாற்றினால் எதனால் குணம் ஏற்பட்டது என்று விளங்காது.

5. சோதனைக்கு ஒரே வயலில் இரண்டு சம பாத்திகளை ஒதுக்கி, ஓர் அங்குல நீர் நிறுத்தி, பழைய கருவியையும் புதியதையும் ஒரே ஆளே தள்ளட்டும். பிறகு வேறோர் ஆள் தள்ளட்டும். ஆன நேரம், மண் அப்பி நின்ற தடவைகள், சேதமான குத்துகள், எஞ்சிய களை ஆகிய நான்கையும் குறிக்க.

6. கொல்லருக்கு உரிய கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்தல் வேண்டும். ஊர்வேலை என்று சொல்லிக் கூலியின்றி வேலை வாங்கினால் சங்கம் ஒரு போகத்துக்கு மேல் நில்லாது. அவர் பிற ஊராருக்குச் செய்து விற்று லாபம் அடைவதற்கும் தடை கூறலாகாது. அதனால் பட்டறை நிலைக்கும். பட்டறை நிலைத்தால் நம் கருவியும் பழுது பார்க்கப்படும்.

2017-18-ல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தின்கீழ் 100 விவசாயிகள் கொண்ட உற்பத்தியாளர் குழு ஒவ்வொன்றுக்கும் பொதுக் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் நிதி அளிக்கப்பட்டது. அத்தகைய குழு இயங்கும் கிராமத்தில் புதிய சங்கம் வேண்டுவதில்லை. அக்குழுவிலேயே இவ்வேலையை ஏற்கலாம்.

பதிவேட்டின் அவசியம்

சங்கத்தின் உயிர்நாடி பதிவேடே. ஒவ்வொரு கருவிக்கும் எண் இட்டு, படம், அளவு, செலவு, மாற்றம், மாற்றியவர் பெயர், மாற்றத்தின் பயன், ஏற்பட்ட பழுது ஆகியவற்றைத் தேதியுடன் தமிழில் எழுதிவர வேண்டும். பயன்படாமற் போன மாற்றத்தையும் எழுதுவது அவசியம். இல்லாவிடில் அடுத்த ஊரார் அதே செலவைத் திரும்பச் செய்வர். ஒருவர் மட்டும் யாவும் அறிந்திருந்தால், அவர் ஊரை விட்டுச் சென்றவுடன் சங்கமும் கலையும். பதிவேட்டின் ஒரு பிரதி ஊராட்சி அலுவலகத்தில் இருக்குமாயின் அந்த அபாயம் இல்லை. இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய உதவி பெரிது.

சட்டம் பற்றிய குறிப்பு

1970-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி விவசாய முறைக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் விவசாயக் கருவிக்கு உண்டு. அதன் காலம் 20 வருஷம். ஆகையால் கம்பெனியார் விற்கும் புதிய இயந்திரத்தைக் கண்டபடி நகல் செய்யலாகாது. பொது அனுமதியுள்ள வரைபடத்தையோ, உரிமைக்காலம் கடந்த பழைய கருவியையோ எடுத்துக்கொள்க. நாம் செய்த திருத்தத்தைத் தேதியுடன் அச்சிட்டு வெளியிட்டுவிட்டால், பிற்பாடு மற்றொருவர் அதையே தம் நூதனம் என்று காப்புரிமை கோருவது கடினம். வெளியிடுவது நம்மைக் காக்கும் வேலியுமாகும்.

எச்சரிக்கை

களைக்கருவி தேறிய பின்னரே மோட்டார் பூட்டிய இயந்திரங்களுக்குச் செல்ல வேண்டும். சுழலும் உறுப்புகளுக்கு மூடி இல்லாத கதிரடிப்பானும் தட்டை வெட்டும் இயந்திரமும் கையைப் பறிக்க வல்லவை. 2005-ல் இத்தாலியில் தோன்றிய ‘அர்டுயினோ’ என்னும் பொது வரைபட மின்னணுப் பலகையைக் கொண்டு மண்ணின் ஈரத்தை அளக்கவும் பம்புசெட்டை இயக்கவும் நம் இளைஞர்கள் சிலர் விரும்பலாம். ஈரம் அளப்பதில் தீங்கில்லை. மோட்டாரின் மின்சாரத்தைத் தொடும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர் அன்றி எவரும் செய்யலாகாது.

பல்லவர் காலத்து மகேந்திரவாடி ஏரியும் காவேரிப்பாக்கம் ஏரியும் உள்ள பகுதி நம்முடையது. கரையையும் மதகையும் கால்வாயையும் பொதுவில் பேணும் குடிமராமத்து நமக்குப் பழகிய முறை. கருவியின் அறிவையும் அவ்வாறே பேணலாம். வருகிற நவரைப் பட்டத்தில் ஒரு கிராமத்தில் ஒரு களைக்கருவியை அளந்து, திருத்தி, எழுதிவைத்தாலும் அது நல்ல தொடக்கமாகும். களைக்கு ஆள் வரவில்லையே என்று வரப்பில் காத்திருக்கும் நாள்கள் அதனால் குறையும். இதில் ஊக்கமுள்ள நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் தத்தம் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்தையும் வேளாண்மைப் பொறியியல் இலாகாவையும் கலந்து, இம்முயற்சியைத் தொடங்க முன்வருவார்களாக.